மாதா பெட்டிக்குள்ள சுத்தின ரம்பம்

பைன் மரத்தூள் வாசனை தெரியுமா உங்களுக்கு? லேசா எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும்... நல்ல வாசனைதான். ஆனா அந்தத் தூள் மூக்கோட நிக்காது. சோத்துல, தலைகாணில, டிபன் பாக்ஸ் மூடில... எங்க பார்த்தாலும் அதான்.

அப்ப கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல எங்க ஷெட்டு. ஹார்பருக்குப் போற மெஷின் சாமானுக்கு மரப்பெட்டி அடிச்சுக் குடுப்போம். எங்க அண்ணன் ஜெரால்டு டேபிள் ரம்பத்துல பலகையைத் தள்ளுவான். காலேஜ் முடிச்ச கையோட வந்து சேர்ந்த தங்கச்சி நான் எதிர்ப்பக்கம் நின்னு இழுப்பேன். ரம்பத்துக்கு மேல மூடியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சும்மா பல்லைக் காட்டிக்கிட்டு சுத்தும்.

அண்ணன் சர்ச் பேண்டுல டிரம்பெட் வாசிப்பான். ராயபுரத்துல தேர் வந்தா முன்னாடி அவன்தான். அவன் ஊதறப்ப எனக்கு இருந்த திமிரைப் பார்க்கணுமே... ஏதோ நானே ஊதற மாதிரி!

ஒரு வருஷம் தேர் அன்னிக்குப் பாட்டு பாதியில அவனுக்கு இருமல் வந்துடுச்சு. ஒதுங்கிப் போய் ஒரு கடை ஷட்டரைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். பேண்டு அவனை விட்டுட்டு நடந்து போயிடுச்சு.

டாக்டர் சுருக்கமா சொல்லிட்டாரு. மரத்தூளை விடு, இல்ல டிரம்பெட்டை விடு. ஷெட்டை விட்டா சோறு இல்லையே... டிரம்பெட்டைத் துணியில சுத்திக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டான். எனக்கு அழுகை அழுகையா வந்துச்சு.

அழுதா வேலைக்கு ஆகுமா? காயலான் கடையில ஒரு பழைய வாக்குவம் கிளீனர் பிடிச்சேன். ஒரு நீல டிரம், மூடியில ரெண்டு ஓட்டை, காத்து கசியாம இருக்க சுத்தி சைக்கிள் டியூப்பு. ஒரு ஓட்டையிலருந்து ரம்பத்துக்கு ஹோஸு, இன்னொண்ணுல வாக்குவம். தூள் டிரம்முக்குள்ளயே விழுந்துடும். ரம்பத்தை மூட எண்ணெய் டின்னை வெட்டி ஒரு கூண்டு.

நல்லாத்தான் இழுத்துச்சு. மறுநாள் பார்த்தா கூண்டு மூலையில கெடக்குது.

"கோடே தெர்லம்மா. கண்ணக் கட்டிகினு அறுக்க சொல்றியா?"ன்னான் அண்ணன்.

நியாயம்தான். பென்சில் கோட்டையும் ரம்பப் பல்லையும் சேர்த்துப் பார்த்தாதான் அவனுக்குக் கை ஓடும். உள்ள இருக்கறது தெரியற மூடி வேணும்.

எங்க தெரு முனை கெபியில, அதான் மாதாவுக்குக் கட்டின குட்டிக் கோயில்ல, சுரூபத்துக்குப் புதுக் கண்ணாடிக் கூண்டு போட்டப்ப, பழைய அக்ரிலிக் பெட்டி எங்க வீட்டுப் பரணுக்கு வந்துடுச்சு. மந்திரிச்ச பொருளைக் குப்பையில போட எங்க ஆளுங்களுக்கு மனசு வராது. அடிப்பக்கம் திறந்த பெட்டி... அளவும் கரெக்ட்டு!

அம்மாகிட்ட கேட்டதும் ஒரே சத்தம். "மாதா இருந்த பொட்டில ரம்பத்த வெப்பியாடி? புத்தி கித்தி கீதா உனுக்கு?"

"பரண்ல சும்மா தூங்கிகினு கீறதுக்கு, அண்ணன் மூச்சுக்கு ஆவட்டுமேம்மா..."

அம்மா பரணை அண்ணாந்து பார்த்தாங்க. அப்புறம் அவங்களே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து, முந்தானையால துடைச்சுக் குடுத்தாங்க.

விரிசல் விடாம மெதுவா ஓட்டை போட்டு ஹோஸை மாட்டினேன். பக்கத்துல ஒரு இரும்பு பைப்பு நட்டு, பெட்டியை ரம்பத்துக்கு மேல தொங்க விட்டேன். பலகை நுழையற அளவு மட்டும் சந்து. காலையில அண்ணன் வந்தான். கழட்டத்தான் ஸ்பானரை எடுத்தான்... பெட்டியை உத்துப் பார்த்தான். ஸ்பானரைக் கீழ வெச்சுட்டு சிலுவை போட்டுக்கிட்டான்.

அதுக்கப்புறம் யாருமே அதைக் கழட்டல. எங்ககிட்ட ஒரு முருக பக்தர் வேலை செஞ்சாரு. அவரும் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுட்டுதான் சுவிட்சைப் போடுவாரு. அண்ணன் இருமல் உடனே போயிடல, கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. ஒருநாள் மத்தியானம் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு துணியைப் பிரிச்சான். டிரம்பெட் சத்தம் கேட்டு அம்மா சமையல்கட்டுலருந்து ஓடி வந்தாங்க.

இப்ப ஷெட்டு திருவொற்றியூர்ல. புது மெஷினோடயே ரம்பத்தை மூடற கார்டு, தூள் இழுக்கற பை எல்லாம் வந்துடுது. வந்த வாரமே பசங்க கார்டைக் கழட்டி ஓரமா வெச்சுட்டானுங்க, "இடிக்குதுக்கா"ன்னு. நான் கத்தினா மாட்டுவானுங்க, அந்தாண்ட போனா கழட்டுவானுங்க. இவனுங்களுக்கு எந்த சாமியைக் கொண்டாந்து தொங்க விடறதுன்னே தெரியல. அம்மாவும் இப்ப இல்ல.

இந்த வருஷத் தேருக்கும் அண்ணன்தான் முன்னாடி. தலை நரைச்சிடுச்சு. கூட்டமெல்லாம் தேர்ல மாதாவைப் பார்த்துக் கும்பிடுது... நான் அவன் நெஞ்சையே பார்த்துக்கிட்டு நடக்கறேன், அடுத்த மூச்சை இழுக்கறானான்னு.