அக்காவுக்கு ஓர் அக்கா இல்லை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். “நல்லதை மட்டும் எழுது பாப்பா, படிக்கிறவக மனசு சங்கடப்படக் கூடாது” என்று பெரியப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். அக்காவைப் பற்றி எழுத நல்லதைத் தவிர வேறொன்றும் என்னிடம் இல்லை. சங்கடம் அந்த நல்லதிலேயே இருந்தால் நான் என்ன செய்யட்டும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரை அக்கா என்றுதான் அழைத்தீர்கள். அவருடன் ஒரே வயிற்றில் பிறந்தவள் நான் ஒருத்திதான். சின்ன வயதில் இது எனக்குப் பெரிய எரிச்சல். கல்லூரி விடுதியிலிருந்து அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது இரண்டு பெண்கள் கூடவே வந்து இறங்குவார்கள். என் அக்காவை அக்கா அக்கா என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். எனக்கென்று எடுத்துவைத்த பணியாரத்தையும் தின்றுவிட்டுப் போவார்கள்.

அக்கா வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் எங்களை வளர்த்தவர்கள். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அக்காதான். மதுரையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்து விடுதியில் கொண்டுபோய் விட்ட அன்று, அப்பா வாட்ச்மேனைப் பார்த்து, “பாத்துக்கங்கண்ணே” என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

விடுதியில் அக்காவுக்கு ஒரு வகுப்பு இளையவர் பாண்டிச்செல்வி. மதுரைக்கு மேற்கே, நல்ல விளைச்சல் உள்ள விவசாயக் குடும்பம். அவருடைய அம்மா அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்க முடியும். வீட்டில் வேறு பெண்கள் இல்லை. செல்விக்கோ மறுநாள் காலையில் பரீட்சை. அழுதுகொண்டிருந்தவரை அக்கா பரீட்சைக்கு அனுப்பிவிட்டுத் தான் மருத்துவமனைக்குப் போனார்.

வார்டு வாசலில் காவலுக்கு இருந்த ஆயாம்மா மறித்தார். “நீ யாரு? சொந்தக்காரங்க மட்டுந்தான் உள்ள இருக்கலாம்.”

“கூடப்பொறந்தவ” என்றார் அக்கா.

பொய்தான். அந்தப் பொய்யிலிருந்துதான் பின்னால் அக்காவின் தொண்டுக் குழுவே பிறந்தது. ஊரில் என்றால் எங்கள் வீட்டுத் தண்ணீர் செல்வியின் அம்மாவுக்குத் தொண்டையில் இறங்கியிருக்காது. அன்று அக்கா ஆற்றிக் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, “நீ யாரு வீட்டுப் புள்ள?” என்று கேட்டிருக்கிறார். “ஒங்க வீட்டுப் புள்ளதாம்மா” என்று சொல்லிவிட்டு அக்கா டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

அந்த வார்டில் அக்கா கண்டது நோயாளிகளை மட்டுமல்ல, அவர்களுக்குத் துணையிருந்த பெண்களையும்தான். குளிக்கப் போக முடியாமல், ஒரு வாய் சோறு தின்ன எழுந்திருக்க முடியாமல், கட்டிலுக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்டது போல உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை அக்காவும் செல்வியும் இன்னும் சில விடுதிப் பெண்களும் அங்கே போனார்கள். ஆளுக்கொரு கட்டிலுக்குப் பக்கத்தில் போய், “நீங்க போய்க் குளிச்சுச் சாப்புட்டு வாங்க, நான் இருக்கேன்” என்றார்கள். குழுவின் தொண்டு அம்புட்டுத்தான். மாலை இல்லை, பேனர் இல்லை. கல்லூரி கேட்டபோது ஒரு பெயர் வேண்டியிருந்தது. ‘கூடப்பிறந்தார்’ என்று வைத்தார்கள். இன்றைக்கும் சனிக்கிழமைகளில் அந்தக் கல்லூரிப் பெண்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மூத்த பெண் ஒருத்தி அக்கா. படிப்பு முடிந்தாலும் கல்யாணம் ஆனாலும் அந்த உறவு போகாது. இதற்கு அக்கா ஒரு சட்டம் போட்டார். தங்கை கூப்பிட்டால் அக்கா போக வேண்டும். அக்கா தங்கையைக் கூப்பிடக் கூடாது. விடுதியில் மூத்தவர்கள் இளையவர்களைத் துணி துவைக்கவும் தண்ணீர் தூக்கவும் ஏவிக்கொண்டிருந்த காலம் அது. தங்கைக்கு வேலை வைப்பவள் அக்கா இல்லை என்பார். எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். செல்விக்கு எங்கள் அக்கா அக்கா. செல்விக்கு அடுத்து வந்தவளுக்குச் செல்வி அக்கா. எங்கள் அக்காவுக்கு மேலே யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

படித்து முடித்து, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்காவைச் செல்லூரில் கட்டிக் கொடுத்தோம். கீழே விசைத்தறி, மேலே வீடு. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். அத்தான் குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். இதைச் சொந்தத்தில் எல்லாரும் பெரிய சான்றிதழாகச் சொல்வார்கள். கல்யாணமான சில வருஷங்களில் அத்தானின் அம்மா, எங்கள் அத்தை, பக்கவாதத்தில் விழுந்தார். கனத்த உடம்பு. அந்த ஒடுக்கமான படிக்கட்டில் அவரை இறக்குவதும் ஏற்றுவதும் நடக்காத காரியம். அக்கா வேலையை விட்டார். அதன்பிறகு அக்காவும் அந்தப் படியில் இறங்கியது அபூர்வம்.

போனில் பேசலாமென்றால் தறிச் சத்தம். மொட்டைமாடிக்குப் போனால் கேட்கும். ஆனால் அத்தையைத் தனியாக விட்டுவிட்டு மாடிக்குப் போக முடியாது. “அப்புறம் பேசுறேன் பாப்பா” என்பதுதான் பல வருஷம் எங்கள் பேச்சு. கோயம்புத்தூரில் வேலையிலிருந்த நான் தீபாவளிக்கு வந்து பார்ப்பேன். தலைவாரிப் பொட்டு வைத்து, சிரித்த முகமாக இருப்பார். நானும் தங்கைதானே. எனக்கும் அந்தச் சட்டம்தான்.

குழுவினர் வருஷம் ஒரு தடவை அழகர்கோவிலுக்குப் போவார்கள். திரும்பும்போது படைத்த தோசையை எடுத்துக்கொண்டு செல்லூர் வீட்டுக்கு வருவார்கள். எனக்கு ஆறாத விஷயம் இதுதான். வருகிறவர்கள் அத்தனை பேரும் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். மாமியார் கொடுமை, மேலதிகாரி தொல்லை, பிள்ளைக்கு மார்க் வரவில்லை. அக்கா அத்தையைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டே ஒவ்வொருவருக்கும் வழி சொல்வார். முன்பின் தெரியாதவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரப் பழகிய பெண்கள் அவர்கள். அந்த ஒரு கட்டில் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. அக்கா என்றால் கூப்பிட்டால் வருகிறவர். அவருக்கு ஒரு தேவை இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

செல்விக்கு ஒரே ஒரு தடவை தோன்றியது. மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனவர், அக்கா மெலிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “நான் இருக்கேன்க்கா, நீங்க சித்த வெளிய போயிட்டு வாங்க” என்றிருக்கிறார்.

“நீ விசேஷ வேலைய வச்சிக்கிட்டு இங்க உக்காருவியா? போடி. நான் பாத்துக்கிறேன்.”

அப்போதே அக்காவின் மார்பில் கட்டி இருந்தது. பரிசோதனைக்கு அரைநாள் போதும். அந்த அரைநாள் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் மருத்துவமனையில் சேர்த்தபிறகுதான் என்னிடம் சொன்னார். “டாக்டரம்மா அப்பவே வரச்சொன்னாக பாப்பா. அத்தைய யாருகிட்ட விட்டுட்டு வாரது?” புகாராகச் சொல்லவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்பதுபோலச் சொன்னார். எனக்குத்தான் அத்தையின் கட்டிலை உடைத்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

அக்கா அதே மருத்துவமனையில், அதே பெண்கள் வார்டில்தான் கிடந்தார். நான் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் கல்லூரிப் பெண் ஒருத்தி வாசலில் காவலுக்கு நின்ற ஆயாம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு நேராக எங்கள் கட்டிலுக்கு வந்தாள்.

“ஆன்ட்டி, நீங்க போய்ச் சாப்புட்டு வாங்க. நான் இருக்கேன்.”

ஆன்ட்டி என்றதில் எனக்குக் கொஞ்சம் கோபம். “நீ யாரும்மா?” என்றேன்.

“கூடப்பொறந்தவ” என்றாள். முதல் வருஷத்துப் பெண். கட்டிலில் கிடப்பவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கொஞ்சம் தண்ணி குடும்மா” என்றார்.

எனக்குத் தெரிந்து அக்கா தன்னைவிட இளையவள் ஒருத்தியிடம் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கவைத்தாள். “இன்னும் வேணுமா?” என்று கேட்டாள். “வேணும்” என்றார் அக்கா. நான் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் சுவரோரம் நின்று அழுதேன். அடுத்த சனிக்கிழமைக்கு அக்கா இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அத்தான் எனக்குப் போன் செய்தார். “ஏம்மா, அம்மாவ வச்சிக்கிட்டு ஒத்தையில ஒண்ணும் ஓடல. வெளிய தெருவ போக முடியல. ஒங்க அக்கா ஆளுக யாராச்சும் வந்து சித்த நேரம் இருப்பாகளா?” தறிச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கேட்டார். அக்கா இத்தனை வருஷம் கேட்காமலே போனதை அவரால் பதினாறு நாளுக்குள் கேட்க முடிந்தது. முடியாது என்று சொல்லத்தான் நான் நினைத்தேன். பக்கத்திலிருந்த செல்வி போனை வாங்கினார். “வாரோம்ண்ணே” என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அவராச்சும் கேட்டாரே” என்றார். அன்றோடு குழுவில் பழைய சட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். இனி அக்காவும் கூப்பிடலாம்.

இந்த ஓராண்டில் எங்களோடு நின்ற எல்லாருக்கும் நன்றி. சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அழைக்காமலே வந்து சமையலைப் பார்த்துக்கொண்ட எங்கள் தெருப் பெண்களுக்கும், இதைப் படித்தபிறகும் என்னோடு பேசப்போகும் அத்தானுக்கும், மதுரைக்கே மாற்றல் வாங்கி வந்த என்னைப் பொறுத்துக்கொள்ளும் என் வீட்டாருக்கும் நன்றி. சனிக்கிழமைதோறும் செல்லூர்ப் படியேறும் கூடப்பிறந்தார் குழுவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அந்த வீட்டுக்குள் இனி கால் வைப்பதில்லை என்று நான் வைராக்கியமாக இருந்தேன். இந்த மலர் அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒரு போன் வந்தது. அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்த அதே பெண். இந்தச் சனிக்கிழமை செல்லூரில் அவள் முறை.

“அன்னைக்கு எனக்குப் பரீட்சை. நீங்க போறீங்களாக்கா?”

வீட்டில் கடைக்குட்டி நான். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

“நீ நல்லா எழுது. நான் இருக்கேன்” என்றேன்.