வெட்டாத கம்பி

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மின்கம்பம் ஏறின காலை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். சேர்த்திருந்தால், அது ராக்கையாவை மனதில் வைத்துச் சொன்னது என்று நான் சத்தியமே செய்வேன்.

ராக்கையா அல்லிநகரத்துக்காரர். முப்பத்துநான்கு வருஷம் லைன்மேன். பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தேனி பஜாரில் இருக்கும் என் ஹார்டுவேர் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து லைனைப் பார்ப்பார். டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டினால் போதும், "பெரியகுளம் ரோட்டுப் பக்கம் எங்கனயோ மரக்கொப்பு லைன்ல ஒரசுது அண்ணாச்சி" என்பார். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லங்கிற கதையால்ல இருக்கு லைன்மேன்" என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டு மறுபடியும் வாசலுக்குப் போனார். வியாபார நேரத்தில் ஒரு மனுஷன் இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அடுத்த ஆனி மாதம் காற்று எடுத்தது. எங்கள் பக்கத்துக் காற்று தெரியுமல்லவா? கம்பம் பள்ளத்தாக்கு வழியாகப் புறப்பட்டு வந்து, தகரம், பேனர் என்று கட்டாமல் விட்ட எதையும் விட்டுவைக்காது. பக்கத்து வீட்டு முருங்கைக்கொப்பு ஒன்று லைனில் சாய்ந்துவிட்டது என்று ராக்கையா யாரிடமும் சொல்லாமல் ஏணியைப் போட்டு ஏறினார். காற்று ஏணியைத் தள்ளியது. இடது மணிக்கட்டு முறிந்தது. மின்சாரம் தொடாமல் விட்டது அவர் செய்த புண்ணியம்.

மூன்றாம் நாள் அவர் மனைவி கஸ்தூரியம்மாள் கடைக்கு வந்தார். எனக்கு அந்த அம்மாவைப் போனில்தான் அதிகம் தெரியும். எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "வேலைக்குப் போயிருக்காக." அன்று முதல்தடவையாக முழுசாகப் பேசினார்.

"அண்ணாச்சி, முப்பத்துநாலு வருசமாக் காத்தடிச்சா எனக்குச் சோறு எறங்காது. ரிட்டையர் ஆயிட்டாக, இனிமே கவலையில்லன்னு இருந்தேன். இப்ப யாரும் கூப்பிடாமலே ஏறுறாக. இன்னொரு தடவ ஏறுனா நான் ஓசூர்ல எம்மக வீட்டுக்குப் போயிருவேன். மெரட்டலுக்குச் சொல்லல."

"நான் என்னம்மா செய்யட்டும்?"

"சட்டியில ஒரு இச்சி மரம் வச்சிருக்காக. அது முன்னாடி மட்டுந்தான் அரைமணி நேரம் சேந்தாப்புல ஒக்காருறாக. அந்தப் போன்சாய்க்கு என்னென்ன சாமான் உண்டோ அம்புட்டையும் வரவச்சுக் குடுங்க. கை அதுலயே கெடக்கட்டும்."

அந்த மரம் எனக்குத் தெரியும். ஆல், அரசு ஜாதி. டிரான்ஸ்பார்மர் மேடையின் செங்கல் இடுக்கில் முளைத்த கன்று. லைன்மேன் என்றால் அதைப் பிடுங்கிப் போட வேண்டும். வேலையின் கடைசி நாளில் பிடுங்கியவர் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கேட்டதற்கு, "இத்தன வருசமா வெட்டுனதுல ஒண்ணாவது இருக்கட்டுமே" என்றார். தேனியில் லைனுக்குக் கீழே நிற்கிற வேம்பு, புங்கை எதுவும் அவர் கைக்குத் தப்பியதில்லை. ஆகவே அந்தப் பதிலை நான் கேலி செய்யவில்லை.

கையில் போட்ட கட்டைப் பிரித்ததும் ராக்கையா சாமான் வாங்க வந்தார். சும்மா சொல்லக்கூடாது, முப்பது வருஷக் கடை வியாபாரத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. முதலில் திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் வாங்கும் கவாத்துக் கத்தரியைக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. "இது கொப்ப வெட்டுறப்போ அடியில ஒரு கட்டைய விட்டுருது அண்ணாச்சி. கொடிக்குச் சரி. என் மரம் ஒரு அடிதான். மூஞ்சியில பரு மாதிரி நிக்குது."

அவர் சொன்னது நியாயம்தான். கோயம்புத்தூர் வியாபாரி ஒருவரிடம் சொல்லி, வாய் உள்வளைந்த குறடு வரவழைத்தேன். கிளையை வெட்டும்போதே தண்டில் சின்னப் பள்ளம் எடுத்துவிடும். பட்டை நான்கு பக்கமும் வளர்ந்து மூடும்போது மேடு தட்டாது. ராக்கையா அதை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வாயை மூடினார். "வெளிச்சம் தெரியுது. வாய் சேரல. வேற குடுங்க." இப்படி மூன்றைத் தள்ளினார். நான்காவதில் வெளிச்சம் தெரியவில்லை. சின்னக் கத்தரிக்கு வேறு பரீட்சை. காலண்டர் தாளை நுனியால் வெட்டுவார். கத்தரி தாளை மென்றால் அது வேண்டாம். துருப் பிடிக்காத எஃகுதான் நல்லது என்று நான் சொன்னபோது, கருப்பு எஃகுதான் கூர்மை நிற்கும் என்றார். "சாரல்ல துருப் பிடிக்குமேய்யா!" "நான் எதுக்கு இருக்கேன்?" என்று தையல் மெஷின் எண்ணெய் ஒரு புட்டி வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இச்சியை வெட்டினால் பால் வடியும், பால் கத்தரியில் ஒட்டும், துடைக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும். நிம்மதியில்லாத கைக்கு இதைவிட நல்ல வேலை எது?

ஒரு சாமான் மட்டும் பிரச்சனை செய்தது. கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றுவார்கள். ராக்கையா அதில் மன்னன். ஒரே சாய்மானத்தில், சீராக, புது ஸ்பிரிங் மாதிரி சுற்றினார். ஆனால் இச்சி சீக்கிரம் பருக்கும். பட்டையைக் கம்பி கடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுப்பது எப்படியென்றால், மொண்ணை மூக்குள்ள கம்பி வெட்டும் குறட்டால் சுற்றுக்குச் சுற்று வெட்டித் துண்டு துண்டாக உதிர்க்க வேண்டும். கம்பியைப் பிரித்தால் கிளை அதோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு முறியும். அந்தக் குறட்டையும் கொடுத்தேன். எண்ணெய்த் தாளில் சுற்றியபடியே பெட்டியில் கிடந்தது.

"நல்ல கம்பிய எதுக்குய்யா துண்டு போடணும்?" என்றார். லைன்மேன் புத்தி. பழைய கம்பியைப் பிரித்து, நேராக்கி, வளையமாகச் சுருட்டி மின்வாரிய ஸ்டோரில் ஒப்படைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. முப்பத்துநான்கு வருஷம் கம்பியைச் சுருட்டின கை. இங்கே எந்த ஸ்டோரும் இல்லை, கேட்பாரும் இல்லை. என்றாலும் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, தொடையில் வைத்து நீவி, வளையம் போட்டு ஆணியில் மாட்டினார். இரண்டு சின்னக் கிளைகள் போயின. "அதுக்கு ஆயுசு அம்புட்டுத்தான்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவருக்கு டீ சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வருஷம், போன ஆடியில் ஒரு நாள். காலையிலிருந்தே பேய்க்காற்று. பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. கடையில் உட்கார்ந்து என்ன செய்ய? மரத்தின் வெட்டுக்காயத்தில் பூசும் பசை அவருக்கு வந்திருந்தது, எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ராக்கையா முன்னறையில் மரத்தின் முன்னால் இருந்தார். கண் மரத்தில் இல்லை, ஜன்னலில் இருந்தது. கால் ஆடிக்கொண்டிருந்தது. கஸ்தூரியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு முறத்தில் உளுந்து புடைத்தார். புடைத்ததையே திரும்பவும் புடைத்தார்.

இடது பக்கத்து முதல் கிளையில் கம்பி கடிக்க ஆரம்பித்திருந்தது. அந்தக் கிளைதான் அந்த மரத்துக்கு அழகு. அவர் வழக்கம்போல் பிரித்துக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. வினோத்ராஜ், அவர் இடத்துக்கு வந்த புது லைன்மேன். அவன் கத்தியது எனக்கும் கேட்டது.

"அண்ணே, தோப்புக்குள்ள லைன் அறுந்து கெடக்கு. எந்த ஸ்விட்ச்னு தெரியல. நாங்க நாலு பேரு இருக்கோம்."

"ஏலே, கை வச்சுராத. தோப்புக் கடைசிக் கம்பத்துல ஸ்விட்ச் இருக்கு. மொதல்ல அதத் தெறந்து விடு. அங்கன வேலிக்குப் பின்னாடி..."

காது போனில், ஒரு கை கம்பியில். படக்கென்று ஒரு சத்தம். முதல் கிளை அடியில் பிளந்து, கீழ்ப்பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. வெள்ளையாகப் பால் வடிந்தது.

ராக்கையா போனை நிறுத்தித் தரையில் வைத்தார். பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய பழைய இடுப்புப் பெல்ட்டை எடுத்தார். "இந்தக் கைக்கு இதெல்லாம் வராது. வினோத் அங்கன தவிக்கிறான். நான் போறேன்."

கஸ்தூரியம்மாள் வழியை மறிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "போங்க. நான் பெட்டிய எடுத்து வைக்கிறேன்."

குரலை உயர்த்தாமல் சொன்னார். அந்த அம்மா நிஜமாகவே ஓசூருக்குப் போய்விடுவார் என்று தெரிந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

"யோவ் லைன்மேன்! தொங்குற கொப்ப ஆயிரம் வெட்டித் தள்ளியிருப்பீரு. ஒண்ணையாவது ஒட்ட வச்சிருக்கீரா? அவன்கூட நாலு பேரு நிக்காக, ஸ்விட்சும் சொல்லியாச்சு. இங்கன இதுக்கு உம்ம விட்டா யாருய்யா இருக்கா? பால் காயுறதுக்குள்ள சேத்துக் கட்டுனாப் பிடிக்கும். திராட்சைத் தோட்டத்துல ஒட்டுக் கட்டுறவன் செய்றதுதான். ஒட்டுக் கட்டுற நாடா உம்ம சாமான் பெட்டியில இருக்கு!"

வாசலில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். கிளையில் இன்னும் ஐந்து சுற்றுக் கம்பி இருந்தது. பிரித்தால் மிச்சப் பட்டையும் கிழியும். அது அவருக்கே தெரிந்தது. பெல்ட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து எண்ணெய்த் தாளைப் பிரித்தார். குறட்டை முதல் சுற்றில் வைத்தார். வெட்டவில்லை.

"நல்ல கம்பி அண்ணாச்சி" என்றார்.

"வெட்டும்."

வெட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு தரையில் விழுந்தது.

தரையில் கிடந்த போன் மறுபடியும் அடித்தது. ராக்கையாவின் தோள் விறைத்தது. கை போனுக்குப் போகவில்லை, குறட்டை விடவும் இல்லை. கஸ்தூரியம்மாள் குனிந்து போனை எடுத்தார்.

"யாரு, வினோத்தா? ஸ்விட்ச் அகப்பட்டுச்சா? நல்லது. அவுகளா? வேலையா இருக்காகப்பா. ஆமா, வீட்டுலதான்."

ராக்கையா நிமிரவில்லை. இரண்டாவது துண்டை வெட்டினார்.

இருபது நாள் கழித்துக் கடைக்கு வந்தார். நாடாவுக்கு மேலே இரண்டு துளிர் வந்திருப்பதாகச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாள் மடிப்பை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே ஐந்து கம்பித் துண்டுகள். ஒவ்வொன்றையும் நீவி நேராக்கியிருந்தார்.

"நீங்களே குப்பையில போட்டுருங்க அண்ணாச்சி. எனக்குக் கை வரல."

போட்டேன். அந்த நேரம் பார்த்து டியூப்லைட் கண் சிமிட்டியது. ராக்கையா வாசலைப் பார்த்தார். "வீரபாண்டிப் பக்கம்" என்றார். ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.