நைனா காத்த பத்தியம்

நைனாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்தது. அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "மெஷின் பாரு, கரண்ட் செலவு இல்ல," என்றார்.

நைனா, என் அப்பா பச்சமுத்து, சிங்கவரத்தில் விவசாயி. பார்க்கின்சன் நோய் வந்த பின் வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். நான் புதுச்சேரியில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர். அங்கேதான் அவருக்குச் சிகிச்சை. தலையருகே ஒரு கம்பிச்சுருள் வைப்பார்கள். அதன் காந்தத் துடிப்பு மண்டையைத் திறக்காமலே மூளையைத் தூண்டும். மாத்திரையும் தொடர வேண்டும். நடை கொஞ்சம் தேறியது.

பஸ் பயணம் அவருக்கு அலுத்தது. செஞ்சியில் தாண்டவராயன் என்பவன் 'மூளை கரண்ட் வைத்தியம்' என்று போர்டு மாட்டியிருந்தான். எனக்குச் சொல்லாமல் அங்கே போனார். "இதுக்குப் பத்தியம் உண்டு. இங்கிலீஷ் மாத்திரை ஆகாது" என்றிருக்கிறான்.

நைனா பத்தியத்தில் கறார். மஞ்சள்காமாலை வந்த வருஷம், மச்சான் கல்யாணப் பந்தியில் உப்பில்லாத சோறு தின்றவர். கத்தரிக்காயை விடுவதுபோல மாத்திரையை விட்டார். உடம்பு இறுகியது. ஜுரம் ஏறியது. ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அப்படி ஆகலாம். நிறுத்தியதை அங்கேதான் அம்மா சொன்னாள்.

காரியம் முடிந்ததும் அவன் கடைக்குப் போனேன்.

"நல்ல மனுசன்மா. பத்தியத்த முறிச்சிட்டாரு போல," என்றான்.

அந்த வார்த்தைக்கு அவனை விடமாட்டேன்.

அவன் கருவி, முதுகுவலிக்குத் தசையில் வைப்பது. மேலே ஒட்டிய ஸ்டிக்கர்தான் புதுசு. படம் எடுத்தேன்.

"இன்னாம்மா பண்றே?"

"உன் கடைய மூடறேன்."

புகார் கொடுத்துவிட்டேன். வேறு ஊரில் போர்டு மாட்டினால் அங்கும் கொடுப்பேன். அவன் பிழைப்பு நாசமாக வேண்டும். அதற்குக் குறைவாக எதுவும் வேண்டாம்.

இன்று காலை பனமலையிலிருந்து அத்தை விருத்தாம்பாள் போன் செய்தாள். நைனாவின் தங்கை. அவளுக்கும் அதே நோய்.

"அண்ணன் பத்தியம் முறிச்சிட்டாருன்னு அந்த செஞ்சி வைத்தியரு போன்ல சொன்னாரு. நான் ஒழுங்கா இருப்பேன். அண்ணன்தான் அங்க கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தாரு. வர்ற வெள்ளிக்கிழமை நீ கூட்டிட்டுப் போறியா?"

"மாத்திரை போட்டியா அத்த?"

"நேத்தே நிறுத்திட்டேன்."

"இப்பவே எடுத்துப் போடு. நீ முழுங்குற வரைக்கும் போன வெக்க மாட்டேன்."