கூட்டலில் விட்ட கொடிக்காரன்

பொம்மை வீரர்களை மேஜையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு அது. ஒவ்வொரு பொம்மைக்கும் இத்தனை புள்ளி என்று உண்டு; மொத்தம் ஐந்நூறு புள்ளிக்குள் படையைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பட்டியலை ஆட்டத்துக்கு முன் எதிராளியிடம் கொடுக்க வேண்டும். தாண்டினால் தோல்வி. நான் பொறியியல் முடித்த வருடம், வேங்கிக்காலில் நடந்த போட்டியின் இறுதி ஆட்டத்தில் என் எதிராளி கீழ்பென்னாத்தூர்க்காரர். தன் படையின் யானைகளை அவரே களிமண்ணில் செய்து வர்ணம் பூசியிருந்தார். ஜெயிப்பவருக்குச் சென்னைப் போட்டியில் இடம்.

அவர் பட்டியலைக் கூட்டினேன். ஐந்நூற்று மூன்று வந்தது. நேராக நடுவரிடம் காட்டினேன். ஆடாமலேயே அவர் தோற்றார்.

யானைகளை வைக்கோல் பெட்டிக்குள் அடுக்கிவிட்டு, என் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார். அதில் கொடி பிடிக்கும் வீரனின் வரியைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

"கொடிக்காரனைக் கூட்டல்ல விட்டுட்டீங்க. உங்களுக்குப் பத்து ஜாஸ்திங்க."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சொன்னா ஆட்டம் நின்னுடும். பஸ் ஏறி வந்தது ஆடறதுக்குத்தாங்க."

நடுவர் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். நான் பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கொடிக்காரனைச் சரியாகக் கூட்டிய புதுப் பட்டியலோடு சென்னைக்கும் போய்வந்தேன்.

இப்போது அலுவலகத்தில் பிறர் கணக்கில் தவறு தெரிந்தால், வாய் திறக்கும் முன் என் தாளை இரண்டு முறை கூட்டிப் பார்க்கிறேன். நேர்மையான பெண் என்கிறார்கள்.