சாவி கொடுக்காத கடிகாரம்

கார்டு வந்தபோது வகுப்பில் தேற்றம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். கல்லூரிச் சேவகர் அதை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஓரக்கண்ணால் பார்த்ததில் சவரிமுத்து வாத்தியாரின் தங்கை லூர்தம்மாளின் கையெழுத்து தெரிந்தது. அந்த அம்மாள் காரணமில்லாமல் கடிதம் போடுகிறவர் அல்ல. தேற்றத்தை முடித்துவிட்டுத்தான் கார்டை எடுத்தேன். "அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படும்போது காலமானார். அடக்கம் ஆகிவிட்டது. முப்பதாம் நாள் பூசைக்கு வரவும்." அவ்வளவுதான். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கரும்பலகையை நானே அழித்தேன். செய்வதற்கு வேறொன்றும் தோன்றவில்லை.

சேலத்தில் அவரை அறிந்தவர்கள் அவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். சிலருக்கு அவர் நல்ல மனிதர். பலருக்கு அவர் பிள்ளைகளை வைத்து விஷப்பரீட்சை செய்து பார்த்த பைத்தியக்காரர். இரண்டாவது பேச்சு எப்படிக் கிளம்பியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதைச் சரியாகச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மஞ்சள் மண்டியின் பின்புற அறைதான் அவர் பள்ளிக்கூடம். பள்ளி இறுதியில் கல்லூரிக்குத் தகுதி பெறாதவர்கள், பல்கலைக்கழகம் நடத்தும் மெட்ரிகுலேஷன் என்ற நுழைவுத் தேர்வைத் தனியாக எழுதலாம். அதில் தேறினால் சென்னையின் பெரிய கல்லூரிகளிலும் இடம் கேட்கலாம். அந்தத் தேர்வுக்கு, தோற்றவர்களை மட்டுமே அவர் சேர்த்துக்கொள்வார். ஒரு வக்கீல் தன் மகனை அழைத்துவந்து, பையன் எல்லாவற்றிலும் நல்ல மார்க்கு என்று பெருமையடித்தபோது, "தேறினவனுக்கு நான் எதுக்குங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விளைவித்த என் தகப்பனாருக்கு அந்தச் சங்கடம் இல்லை. நான் இங்கிலீஷில் படுதோல்வி. ஜியோமெட்ரியும் தகராறு.

சேர்ந்த முதல் நாள், எதில் விழுந்தாய் என்று கேட்டார். இங்கிலீஷ் என்றேன். "அப்ப நாளையிலிருந்து நீதான் இங்கிலீஷ் வாத்தியார்" என்று சாக்கட்டியைக் கையில் கொடுத்துவிட்டார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் பன்னிரண்டு பேர் முன்னால் நின்று வியர்த்து வழிந்தேன். அவர் கடைசி வரிசையில் மூட்டைமேல் உட்கார்ந்து, மக்குப் பையனைப் போலக் கையைத் தூக்கித் தூக்கிச் சந்தேகம் கேட்டார். தெரியாமல் விழித்தால், "தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்லு சாமி, நாங்க எங்கயும் போயிர மாட்டோம்" என்பார். இரண்டு மாதத்தில், வாழ்நாளில் நான் தொடமாட்டேன் என்று நினைத்த இலக்கணப் புத்தகத்தைக் கிழியக் கிழியப் படித்து முடித்தேன். எதில் தோற்றோமோ அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதுதான் அவர் கண்ட வழி.

கணக்குக்கு எங்கள் வாத்தியார் செங்கோடன். ஜலகண்டாபுரத்து நெசவுக் குடும்பம். கணக்கில் மூன்று தடவை தோற்றவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். இந்தத் தடவையும் தவறினால் தறிக்குழியில் உட்கார வேண்டியதுதான் என்று அவருடைய தகப்பனார் சொல்லியிருந்தார். அது மிரட்டல் அல்ல. தகப்பனாருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. தறிக்கு ஆள் வேண்டும். செங்கோடனுக்கோ சென்னைக்குப் போய்ப் படித்துக் கணக்கு ஆசிரியராக வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையே அந்த மண்டி அறையில் பிறந்ததுதான். அவர் ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுக்கும்போது, நாம் எந்த இடத்தில் தடுக்கி விழுவோம் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே வந்து நிற்பார். அதே இடத்தில் அவரும் விழுந்திருக்கிறார் அல்லவா? இன்று நான் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் பாதி செங்கோடன் சொன்னதுதான்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது வாத்தியார் என்னைத் தனியாக அழைத்தார். இடுப்பு மடிப்புக்குள் யார் கண்ணிலும் படாமல் செருகியிருந்த கடிகாரத்தை எடுத்து என் கையில் வைத்தார். செங்கோடன் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே எழுதுகிறான், பரீட்சையில் அப்படி எழுதினால் நேரம் பற்றாது என்றார். தினமும் மத்தியானம் பத்துக் கணக்கு உள்ள ஒரு கேள்வித்தாள் கொடுத்து, மூன்று மணி நேரம் ஆனதும் எழுதியதைப் பிடுங்கிவிட வேண்டும். கடிகாரத்தைச் செங்கோடன் கண்ணில் காட்டக் கூடாது, பார்த்தால் பதறிப்போவார். தினமும் சாவி கொடுக்க வேண்டும். "அவன் உனக்குக் கணக்குச் சொன்னான். நீ அவனுக்கு நேரத்தைச் சொல்லிக் குடு சாமி" என்றார்.

நான் அதைச் செய்யவில்லை. முதல் நாள் மத்தியானம் கேள்வித்தாளை எடுக்கும் முன்னால், ஜியோமெட்ரியில் ஒரு தேற்றம் புரியவில்லை என்று செங்கோடனிடம் கேட்டேன். அதைச் சொல்லி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் இன்னொரு தேற்றம். எனக்கு என் பயம். பத்து மத்தியானங்களையும் நானே தின்று தீர்த்தேன். வாத்தியார் தினமும் கேட்டார். "எழுதினானா?" "எழுதினாருங்க." "எத்தன?" "எட்டுங்க." எட்டு என்ற எண் என் வாயில் எப்படி வந்தது என்று இன்றும் தெரியவில்லை. ஒரு நாள் ஏழு என்றேன், நம்பும்படி இருக்கட்டும் என்று. அவருக்கு முகம் மலர்ந்தது. அவர் வழியே பிள்ளைகளை நம்புவதில்தான் நின்றது. ஆகவே நம்பினார்.

கணக்குத் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது செங்கோடன் சிரித்துக்கொண்டு நின்றார். பத்துக் கணக்கில் எத்தனை போட்டீர்கள் என்று கேட்டேன். "நாலுதானுங்க தம்பி. ஆனா யார் படிச்சாலும் புரியும்" என்றார். விடைத்தாளைத் திருத்துகிறவருக்குப் பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறார், எந்த இடத்தில் தப்பு வரும் என்பதையும் சேர்த்து. அவர் அந்த அறையில் கற்ற வழக்கம் அது. என் தாளில் பத்தும் முடிந்திருந்தது.

அன்று சாயங்காலம் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாத்தியார் அதைக் காதில் வைத்துப் பார்த்தார். அது ஓடவில்லை. எத்தனை நாளாக நின்று கிடந்ததோ எனக்குத் தெரியாது. அவர் முள்ளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சாவி கொடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட வரச் சொன்னார். நானும் போய்ச் சாப்பிட்டேன்.

முடிவு வந்தது. எனக்குச் சென்னையில் இடம் கிடைத்தது. செங்கோடன் கணக்கில் மட்டும் தவறிவிட்டார். அவருடைய தகப்பனார் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு மண்டிக்கு வந்தார். கோபப்படவில்லை, மகன் சரியாகப் படிக்கவில்லையா என்று மட்டும் கேட்டார். நான் அங்கேதான் நின்றேன். "தப்பு என்னுதுங்க. உங்க பையன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. நான் சொல்லிக்குடுத்த முறையே சரியில்லீங்க" என்றார் வாத்தியார். மண்டியில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது, அவரே ஒப்புக்கொண்டார் என்று. அந்த ஒரு நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பெட்டி கட்டி ரயில் ஏறினேன்.

அடுத்த வருஷம் அவரிடம் நாலு பேர்தான் சேர்ந்தார்கள். பிறகு அந்த வழக்கத்தையே விட்டுவிட்டார். மற்ற டியூஷன் வாத்தியார்களைப் போல விடைகளை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்தார் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்ததைச் சொல்லப் போனபோது, தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். புறப்படும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "பசங்களுக்கு நேரம் பார்த்து எழுத வெய்யி சாமி." சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கப் போகவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். இந்த யுத்த காலத்து ரயிலில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். கோவிலில் பத்துப் பேர்கூட இல்லை. பூசை முடிந்ததும் லூர்தம்மாளிடம், வாத்தியார் ஏன் தம் வழியை விட்டுவிட்டார் என்று கேட்டேன். விடை தெரிந்தே கேட்டேன், வேறு ஏதாவது சொல்ல மாட்டாரா என்று. "நானும் கேட்டேனுங்க. அதுக்குப் பசங்கள நம்பணும் லூர்து, எனக்கு இனிமே பயமா இருக்குதுன்னு சொல்லிச்சு அண்ணன்" என்றார். யாரை நம்பிக் கெட்டார் என்று தங்கையிடம் சொல்லவே இல்லையாம்.

செங்கோடனும் வந்திருந்தார். நெற்றி ஏறியிருந்தது, முதுகு லேசாக வளைந்திருந்தது. மாதம் ஒரு முறை ஜலகண்டாபுரத்துக்கு வாத்தியார் வந்து போவாராம். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஏதாவது ஒரு கணக்கைப் போடுவார்களாம். எனக்கு இது எதுவும் தெரியாது. லூர்தம்மாள் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து செங்கோடன் கையில் கொடுத்தார். அண்ணன் முன்னமே அவருக்குக் கொடுக்கச் சொல்லிவைத்ததாம். பிரித்தார். அந்தக் கடிகாரம்.

செங்கோடன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "வாத்தியார்கிட்ட இப்படி ஒண்ணு இருந்துச்சுங்களா? நான் பார்த்ததே இல்லீங்களே தம்பி. இதுக்கு எப்படிங்க சாவி குடுக்கறது?"

காட்டிக் கொடுத்தேன். அது ஓட ஆரம்பித்ததும் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, குழந்தையைப் போலச் சிரித்தார். அப்போதும் நான் சொல்லவில்லை.

வாத்தியாரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன். அவர் வழி தப்பான வழி அல்ல. அதில் படித்த ஒருவன் பொய் சொன்னான், அந்தப் பொய்யை அவர் தம் பேரில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவருடைய கடிகாரம் செங்கோடனிடம் இருக்கிறது, அது அங்கேதான் இருக்க வேண்டும். அவர் என்னிடம் விட்டுப்போனது அந்த எட்டு என்ற எண் ஒன்றுதான். அதை இனிமேல் நான் என் பேரிலேயே வைத்துக்கொள்கிறேன். இது அச்சாகி வரும் பத்திரிகையை ஜலகண்டாபுரத்துக்கு நானே கொண்டுபோகிறேன். செங்கோடன் நிதானமாகப் படிக்கிறவர். அவர் கடைசி வரி வரை படித்து முடிக்கும் மட்டும், எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.