மழைக்காலத் தவணை

வக்கீல் தொழிலில் வாதாடுகிற நேரம் கொஞ்சம், வேப்பமரத்தடியில் காத்திருக்கிற நேரம்தான் அதிகம். கோர்ட்டுப் படி ஏறி வாய்தா வாங்கித் திரும்பிய புண்ணியவான்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் சிவகாசியில் ஜூனியர். சொந்தமாகக் கிடைத்த முதல் கட்சிக்காரர் நாரணாபுரம் மாரியப்பன், பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி. பொங்கல் திருவிழாவில் போதையில் யாரோடோ சண்டை போட்டு முக்காலியை வீசியிருந்தார். அது காதர் பாயின் பாத்திரக்கடைக் கண்ணாடியை உடைத்து, பாயின் கையையும் கிழித்துவிட்டது. முதல் குற்றம் என்பதால் கோர்ட்டு அவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டது. பாய்க்கு மாதாமாதம் நஷ்ட ஈடு கட்டவேண்டும். தவறினால் சிறை.

வெயில்

தீபாவளி முடிந்ததும் கம்பெனியை மூடிவிட்டார்கள். திறக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது; வெயிலில் காயவைக்காமல் பட்டாசு வேலை நடக்காது. தவணை நின்றது. நன்னடத்தை அலுவலர் எச்சரித்தார். வேலையில்லாத மாதங்களில் தவணையை நிறுத்திவைத்து, சீசனில் சேர்த்துக் கட்ட அனுமதிக்கும்படி மனுப் போட்டேன்.

புது மாஜிஸ்திரேட் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மனுவைப் படித்துவிட்டு, "நல்ல மழை பெய்ததால் வருமானம் இல்லையா? என்னய்யா இது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாரியப்பன் முந்திக்கொண்டார்.

"ஐயா, உங்க ஊர்ல மழை பேஞ்சாச் சோறு. இங்கன வெயில் அடிச்சாத்தான் சோறு."

மஞ்சப்பை

பாயின் பதிலைக் கேட்க வாய்தா போட்டார்கள். அன்றைக்கு மாரியப்பன் மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே, தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த கிப்ட் பாக்ஸ். மாஜிஸ்திரேட் வீட்டுப் பிள்ளைகளுக்காம்! எங்கள் ஊரில் பெரிய மனிதரைப் பார்க்கப் போனால் பட்டாசுப் பெட்டி கொண்டுபோவது வழக்கம்தான். அதற்காகக் கோர்ட்டுக்குள் வெடியா? அதுவும் பிணையில் இருக்கிறவர், தீர்ப்புச் சொல்கிறவருக்கு!

வாசல் போலீஸ்காரர் பார்ப்பதற்குள் அவரை எதிர் டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். டீக்கடைக்காரர் அடுப்பைக் காட்டிக் கும்பிடு போட்டார். கடைசியில் பை என் ஸ்கூட்டர் டிக்கிக்குள் போனது. திட்டித் தீர்த்தேன். மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேற என்னத்தக் கொண்டாறது சார்? எங்க வீட்ல இருக்கது இது ஒண்ணுதான்."

டிக்கியைப் பூட்டிவிட்டு அவரைக் கோர்ட்டுக்குள் கூட்டிப்போனேன்.

எதிர்த்தரப்பு

உள்ளே, "ஆட்சேபணை உண்டா?" என்று பாயிடம் கேட்டார் மாஜிஸ்திரேட். பாய் தையல் போட்ட கையைத் தடவினார். அவர் ஒரு வார்த்தை 'உண்டு' என்றால் மாரியப்பன் நேரே உள்ளேதான்.

"கோவம் இருக்கு ஐயா, இல்லைங்கல. ஆனா இவுகளுக்கு வேலை இல்லாத மாசம் எனக்கும் யாவாரம் இல்லை. ஊரு பூராவும் சீசன்லதான் பாக்கியத் தீக்குது. இவர மட்டும் மழையில குடுன்னா எங்கன போவாரு? உள்ள தூக்கிப் போட்டா எனக்குக் காசும் வராது, கடைக்குச் சாமான் வாங்க வர்ற ஒரு ஆளும் கொறையும்."

மாஜிஸ்திரேட் சிரித்துவிட்டு மனுவை அனுமதித்தார்.

முக்காலி

அடுத்த தீபாவளிக்கு முன்பே மாரியப்பன் எல்லாத் தவணையையும் கட்டி முடித்தார். கோர்ட்டு வாசலில் மூவரும் டீ குடித்தோம். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. மழைக்காலம் முழுக்க என் டிக்கியிலேயே கிடந்து நமுத்த பெட்டியை என்ன செய்ய என்று கேட்டேன். "நீங்களே வச்சுக்கோங்க சார்" என்றார் மாரியப்பன். பாய் அவர் தோளில் தட்டினார்.

"ஏலே, இந்தத் தீவாளிக்கு என் கடை வாசல்ல வந்து எம்புட்டு வெடி வேணாலும் போடு. முக்காலிய மட்டும் தூக்கிராத."

எதிராளியே பேசி ஜெயித்துக்கொடுத்த அந்த வழக்கில் எனக்குக் கிடைத்த ஃபீஸ், மொட்டை மாடி வெயிலில் எத்தனை நாள் காயவைத்தும் வெடிக்காத ஒரு பெட்டிப் பட்டாசு.