கலர் துணி கட்டியது நான்

நாலாம் கிளாஸைத் தாண்டாதவன் நான். மாம்பலம் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது பட்டணத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. ஜவுளிக்கடையில் மூட்டை தூக்கினேன். வண்டி ஓட்டக் கற்றேன். இனி ஓடாது என்று மூலையில் போட்டிருந்த வேனை வாங்கி ஓட வைத்தேன். அபிராமபுரத்தில் வீடு பிடித்தேன். கல்யாணம் ஆனதும் பெண்டாட்டியின் தம்பியையும் ஊரிலிருந்து கூட்டி வந்து கூடவே வைத்துக்கொண்டேன். இதெல்லாம்கூடப் பெரிசில்லை. மெட்ராஸுக்கு வந்தவர்களுக்கு மெட்ராஸைக் காட்டினேன் பாருங்கள், அதுதான் பெரிசு.

எழுபதுகளின் ஆரம்பம். தெற்கத்திச் சனங்கள் கல்யாண ஜவுளி எடுக்கத் தியாகராய நகருக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். சேலை எடுத்து முடித்ததும், "வேற என்ன பார்க்க இருக்கு?" என்பார்கள். மற்றவர்கள் மெரினாவுக்குக் கை காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் வேனில் ஏற்றினேன். முதலில் மயிலாப்பூர் கோயில், அப்புறம் அடையாறு ஆலமரம், வெயில் தாழ்ந்ததும் பெசன்ட் நகர் கடற்கரை. அப்போது அங்கே மணலும் கட்டுமரமும்தான். கூட்டத்தைக் கொண்டுபோனவன் நான்.

கோயிலில் செருப்பு ஆகாது, மணலில் செருப்பு தோதுப்படாது. எல்லாம் வேனிலேயே கிடக்கட்டும் என்றேன். பார்த்தால் அத்தனையும் ஒரே மாதிரி ரப்பர் செருப்பு. முதல் நாளே பெண்ணின் அப்பா சம்பந்தியின் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கல்யாணமே நின்றுவிடும்போலச் சண்டை. மறுநாள் ரங்கநாதன் தெருத் தையல்காரரிடம் வெட்டுத் துணி வாங்கி, குடும்பத்துக்கு ஒரு கலர் என்று செருப்பு வாரில் முடிச்சுப் போட்டேன். போகப்போக அந்தக் கலரே குடும்பத்துக்குப் பேராகிவிட்டது. அலையை விட்டு வர மனசில்லாமல் நிற்பவர்களைப் பார்த்து, "மஞ்சள்காரங்க வாங்க! பச்சையில மாப்பிள்ளையைக் காணோம்!" என்று கத்துவேன். குப்பத்தில் மீன் விற்கும் அம்மா சிரிக்கும்: "இன்னா நைனா, இன்னிக்கி எந்தக் கலரு கடல்ல கரைஞ்சி பூடுச்சி?"

மச்சினன் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே எல்லாம் படித்தான். மூச்சுக்கு மூச்சு 'அத்தான்'. பிறகு தனியாக ஒரு வேன் வாங்கினான். நம்ம பிள்ளைதானே என்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தவனே நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு வேனும் கடற்கரையில் நின்றன. அவன் ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் கலர் துணி நானா யோசிச்சது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் என் சிவப்புக்காரர்களைக் கூப்பிட்டேன்.

அவன் வேனில் வந்தவர்களில் ஒருவர் கேட்டார்: "இங்க இன்னொருத்தரும் கலர் சொல்லிக் கத்துறாரே, யாரு?"

"அவரா? நம்மகிட்ட டிரைவரா இருந்தவர்."

எட்டிப் பிடித்தால் அவன் சட்டை கையில் வரும், அவ்வளவு பக்கத்தில் நிற்கிறேன். என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்தது. "இன்னா நைனா, உன் மச்சான் உன்னியே டிரைவரா ஆக்கிட்டான்போலகீது!" கேலிதான். ஆனால் அன்றைக்கு அந்த அம்மா சிரிக்கவில்லை.

வீட்டில் கேட்டேன். "வியாபாரத்துக்காகச் சொன்னது அத்தான். நீங்க வண்டி ஓட்டினது பொய்யா?" என்றான். பொய்யில்லை. ஆனால் ஓட்டியது என் வேனை. "தம்பிதானே, விடுங்க" என்றாள் என் பெண்டாட்டி. அவளுக்குத் தம்பி. எனக்கு?

இன்று அவன் வேன்கள் எல்லாவற்றின் நெற்றியிலும் கலர் முடிச்சைப் படமாக வரைந்து வைத்திருக்கிறான். அழிக்கச் சொல்லவில்லை. என் பேரை எழுதச் சொல்லவும் இல்லை. சனங்கள் செருப்பைக் கழற்றும்போது, அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதைக் கட்டினது எங்க அத்தான்" என்று அவன் வாயால் சொல்லட்டும். டிரைவர் என்று சொன்னானே, அதே மணலில், அதே சத்தத்தில் சொல்ல வேண்டும்.